குன்றேறிச் சீட்டுப் பார்த்தல்

இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் கிளாஸ்டன்பரி என்றொரு சிற்றூர். அதையொட்டி ‘டார்’ என்ற குன்று, 158 மீட்டர் உயரம். மேலே ஏறினால் சுற்றிலும் பச்சைச் சமவெளி, வடக்கே மெண்டிப் குன்றுகள், அவற்றின் அடிவாரத்தில் வெல்ஸ் பேராலயம். சாதாரண மனிதர்கள் இதையெல்லாம் வாய்பிளந்து பார்த்து, காற்று வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். டாரட் சீட்டோடு ஏறுகிறவர்கள் அப்படிப் பொழுதை வீணடிப்பதில்லை. புல்லில் துணி விரித்து, செருப்பைக் கழற்றிவிட்டு, குனிந்த தலை நிமிராமல் 78 அட்டைகளுக்குள் தங்கள் வாழ்க்கையைத் தேடுகிறார்கள். இயற்கையை ஏறெடுத்தும் பாராமலே அதோடு ஒன்றிவிடுவது லேசான சித்தியா?

அவர்களுடைய பணிவையும் சொல்ல வேண்டும். மரத்தடியில் உட்காருமுன் மரத்திடம் அனுமதி கேட்பார்கள். எந்த மரமும் இதுவரை மறுத்ததாகத் தெரியவில்லை. மௌனம் சம்மதம் என்பது ஓக் மரத்துக்கும் பொருந்துகிறது. அட்டை பறந்துவிடாதபடி மூலைக்கொரு செவ்வந்திக்கல் வைப்பார்கள். எங்கோ பூமியைக் குடைந்து எடுத்த கல்லை, நலமாக இருக்கிறது பார் என்று பூமியிடமே கொண்டுவந்து காட்டும் மரியாதை அது. பிறகு பாசி, இறகு, மெழுகுவத்தி எல்லாம் சேர்த்து ஒரு புகைப்படம். மண்ணோடு நேரடித் தொடர்புதான். இடையில் அட்டையின் பளபளப்புப் பூச்சு மட்டும்.

பழமையின் மீது அவர்களுக்குள்ள பற்று தனி. இந்தச் சீட்டு 15-ஆம் நூற்றாண்டு இத்தாலியில் பொழுதுபோக்கு ஆட்டமாகப் பிறந்தது. அந்தச் சிறுமையிலிருந்து அதை மீட்டவர் கூர் தெ ஜெபெலான் என்ற பிரெஞ்சுக்காரர். இது எகிப்தியப் பூசாரிகளின் ஞானநூல் என்று 1781-இல் எழுதிவிட்டார். எகிப்தின் பழைய சித்திர எழுத்தை ஷாம்போலியோன் படித்துக் காட்டியதோ 1822-இல்தான். யாராலும் படிக்க முடியாத காலத்திலேயே இவர் மட்டும் படித்து முடித்திருக்கிறார். ஞானதிருஷ்டிக்கு எழுத்தறிவு எதற்கு?

இன்று பெரும்பாலான கைகளில் புழங்குவது 1909-இல் லண்டனில் வந்த கட்டு. பெயர் ‘ரைடர் வெய்ட்’. ரைடர் பதிப்பாளர், வெய்ட் வரையச் சொன்னவர். அத்தனை படங்களையும் வரைந்த பமீலா கோல்மன் ஸ்மித்தின் பெயரை நெடுங்காலம் தலைப்பில் ஏற்றவில்லை. வரைந்து களைத்தவர் மீது புகழையும் சுமத்துவானேன் என்ற கருணை. காசு விஷயத்திலும் அதே கருணைதான். சொற்பக் கூலியோடு வேலை முடிந்தது. 1951-இல் கார்ன்வாலின் பியூட் என்ற ஊரில், எந்தச் செல்வத்தின் பற்றும் இல்லாமல் கண்ணை மூடினார். ஊருக்கெல்லாம் பணவரவு சொல்லும் நாணயச் சீட்டுகளை வரைந்த கை அது.

மறுபடியும் குன்றுக்கு வருவோம். உச்சியில் தனியாக ஒரு கோபுரம் நிற்கிறது. அங்கே முன்பிருந்த புனித மைக்கேல் தேவாலயம் 1275-இல் நிலநடுக்கத்தில் விழுந்தது. பின்னால் கட்டியதில் மிஞ்சியது இந்தக் கோபுரம். சீட்டுக்கட்டிலும் ஒரு கோபுரம் உண்டு, 16-ஆம் சீட்டு: இடி விழுந்து, ஆட்கள் தலைகுப்புற விழுகிறார்கள். அசல் கோபுரத்தின் நிழலில் அமர்ந்து அதைப் புரட்டுகிறவர், “வேலையை மாற்றச் சொல்கிறது” என்று பொருள் காண்கிறார். 12-ஆம் சீட்டில் ஒருவன் ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்குகிறான். “புதிய கோணத்தில் பார்” என்று அதற்குப் பொருளாம். 1539-இல் எட்டாம் ஹென்றியின் ஆட்கள் கிளாஸ்டன்பரி மடத்தின் முதிய தலைவர் ரிச்சர்ட் வைட்டிங்கை இதே குன்றின் மேல்தான் தூக்கிலிட்டார்கள். அவருக்கும் அன்று ஒரு புதிய கோணம் கிடைத்திருக்கும். இவ்வளவு கனத்த மண்ணில் உட்கார்ந்து, அடுத்த மாதச் சம்பள உயர்வைத் தவிர வேறெதுவும் மனத்தில் படாமல் காத்துக்கொள்வதைத்தான் தியானம் என்கிறார்கள் போலும்.

நம் ஊர்க் கிளி ஜோசியருக்கு இந்தச் சாமர்த்தியம் போதாது. அவரும் மரத்தடிதான், அவரும் சீட்டுதான். ஆனால் அதை ஆன்மிகப் பயிற்சி என்று சொல்லத் தெரியாமல் பிழைப்பு என்று சொல்லிவிட்டார். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து கிளியைக் கூண்டில் வைப்பதே குற்றம் என்றது. டார் குன்றில் அந்த வம்பெல்லாம் இல்லை. அங்கே காற்று அடித்து எந்த அட்டை புரள்கிறதோ, அதுவே இயற்கை எடுத்துக்கொடுத்த சீட்டு. கூண்டு வேண்டாம், இறக்கை வெட்ட வேண்டாம். நெல்மணியும் மிச்சம்.