இல்லாத வேலைக்கு ஆள் தயார்

ரென் – மார்ட்டின் இலக்கணப் புத்தகத்தோடு மல்லுக்கட்டிப் பள்ளிக்கூடம் தாண்டியவர்களுக்கு அந்த விதி நினைவிருக்கும். 'ஹூ', 'விச்', 'தட்' என்று தொடங்கும் தொடர் எந்தப் பெயரைப் பற்றிப் பேசுகிறதோ, அந்தப் பெயருக்கு முடிந்தவரை பக்கத்தில் அதை வைக்க வேண்டும். தள்ளி வைத்தால் அர்த்தம் வேறெங்காவது போய் ஒட்டிக்கொள்ளும். நம் பிள்ளைகள் இதில் தவறினால் ஒரு மதிப்பெண் போகும். 1967-இல் அமெரிக்கக் காங்கிரஸ் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தியபோது இதில் அசட்டையாக இருந்தது. அதற்கான மதிப்பெண்ணை 36 ஆண்டு கழித்து ஒரு நோயாளிப் பெண்ணிடமிருந்து கழித்தார்கள்.

அந்தப் பெண் லிஃப்ட் இயக்குபவர். ஆறு ஆண்டு அந்த வேலை பார்த்தார். 1995 ஆகஸ்டில் வேலையையே எடுத்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு, 53 வயதில், இதய நோயும் கழுத்திலும் இடுப்பிலும் நரம்புக் கோளாறும் இருக்கின்றன, இனி உழைக்க முடியாது என்று உதவித்தொகைக்கு மனுப் போட்டார். அவர் கேட்டதில் ஒரு பகுதி தருமம்கூட அல்ல. சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துக்கொண்ட வரியிலிருந்து வரும் காப்பீடு.

மனுவை விசாரித்தவர் சொன்ன பதில் இது: அம்மா, உங்கள் உடம்பு லிஃப்ட் இயக்கும் அளவுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. போய் லிஃப்ட் இயக்குங்கள்.

அந்த வேலைதான் இப்போது நாட்டில் இல்லையே என்றார் அவர். அது எங்களுக்குத் தேவையில்லாத விஷயம் என்றது அரசு.

சட்டம் என்னதான் சொல்கிறது? ஒருவர் தன் பழைய வேலையைச் செய்ய முடியாதவராக இருக்க வேண்டும். அதோடு வயது, படிப்பு, அனுபவம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகு, வேறெந்த வேலையும் செய்ய முடியாதவராக இருக்க வேண்டும். அந்த 'வேறெந்த வேலை'யின் வாலில் ஒரு தொடர் தொங்குகிறது: 'விச் எக்ஸிஸ்ட்ஸ் இன் தி நேஷனல் எகானமி'. அதாவது, நாட்டின் பொருளாதாரத்தில் உண்மையிலேயே இருக்கிற வேலை. வழக்கு முழுக்க இந்த வாலில்தான். அது 'வேறு வேலை'யை மட்டும் பற்றியதா, முன்னால் நிற்கும் 'பழைய வேலை'யையும் பற்றியதா? இரண்டையும் பற்றியது என்றால் அந்தப் பெண்ணின் வாதம் நிற்கும். 'வேறு வேலை'யை மட்டும் என்றால், பழைய வேலை பூமியில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

(தமிழில் இந்தக் குழப்பம் வராது என்று மார்தட்ட வேண்டாம். நம் பெயரெச்சம் முன்வாசல் வழியாக வரும், ஆங்கிலத் தொடர் கொல்லைப்புறமாக வரும். 'நாட்டில் இருக்கிற பழைய வேலையும் புது வேலையும்' என்று நாம் எழுதினாலும் சண்டை போடலாம்.)

ஃபிலடெல்ஃபியாவில் இருக்கும் மூன்றாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் முழு அமர்வாக உட்கார்ந்து, 2002-இல், பெரும்பான்மைத் தீர்ப்பாக அந்தப் பெண் பக்கம் நின்றது. 'வேறெந்த' என்ற சொல்லே, பழைய வேலையும் அதே இனம் என்றுதானே காட்டுகிறது? இல்லாத வேலையைச் செய்ய முடியும் என்பதற்காக ஒருவரைத் திருப்பி அனுப்புவதில் என்ன நியாயம்? யாருக்கும் புரிகிற கேள்விதான். அரசுக்குப் புரியவில்லை. உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

2003 நவம்பரில் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் அரசுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார்கள். எழுதியவர் ஆன்டனின் ஸ்காலியா. கடைசியாக வந்த பெயரையே பின்வரும் தொடர் தழுவும் என்பது பழைய விதி. ஆகவே அந்த வால் 'வேறு வேலை'க்கு மட்டும் சொந்தம். இதைப் பாமரருக்கும் விளங்க வைக்க அவர் ஒரு உதாரணம் தந்தார். வார இறுதியில் வெளியூர் போகும் பெற்றோர் பதின்வயது மகனிடம் சொல்லிவிட்டுப் போகிறார்கள்: 'நீ பார்ட்டி வைத்தாலோ, வீட்டைச் சேதப்படுத்துகிற வேறெந்தக் காரியம் செய்தாலோ தண்டனை உண்டு.' பையன் பார்ட்டி வைக்கிறான், மாட்டிக்கொள்கிறான். வீடு சேதமாகவில்லையே என்று அவன் தப்ப முடியுமா?

முடியாது. இலக்கணம் அழகாகப் பொருந்துகிறது. கைதட்டலாம்.

தட்டி முடித்த பிறகு அந்த உதாரணத்தைக் கொஞ்சம் பாருங்கள். இதயம் பழுதாகி, கழுத்தும் இடுப்பும் மரத்துப்போய், வேலையும் பறிபோன ஒரு பெண்ணின் மனு மேசையில் இருக்கிறது. அதைத் தீர்க்க நீதிமன்றத்துக்குக் கிடைத்த உவமை, அப்பா அம்மா இல்லாத நேரத்தில் கூத்தடிக்கும் பையன்! அந்தப் பெற்றோர் சொன்னது மிரட்டல். சட்டம் சொன்னதோ வாக்குறுதி: நீ உழைத்துக் கட்டு, உடம்பு விழுந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன் என்ற வாக்குறுதி. மிரட்டலை எப்படி வாசிப்பார்களோ அப்படியே வாக்குறுதியையும் வாசித்தார்கள். இங்கே யார் பார்ட்டி வைத்தார்கள்? எந்த வீடு சேதமானது?

இந்தத் தர்க்கத்தைப் பாதியில் விடுவது பாவம், முழுசாகக் கொண்டுபோவோம். டெலக்ஸ் இயந்திரம் தட்டியவருக்குக் கண் போய்விட்டதா? தட்டச்சுக்குக் கண் எதற்கு, விரல் இருக்கிறதே, போய்த் தட்டட்டும். தெருவிளக்கு ஏற்றியவருக்கு மூச்சுத் திணறலா? ஏணி ஏறும் அளவுக்கு மூச்சிருந்தால் போதும். ஏற்ற விளக்கு இருக்கிறதா என்பது மின்வாரியத்தின் கவலை. பஞ்சாயத்தே கலைந்த ஊருக்குத் தலையாரி நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறார், அவருக்கு எதற்கு உதவி?

சரி, 'விச்' கெட்டியாக ஒட்டியிருக்கும் அந்த இன்னொரு பக்கத்திலாவது, வேறு வேலை நாட்டில் உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்த்தார்களா? பார்த்தார்கள், ஒரு புத்தகத்தில். அமெரிக்கத் தொழிலாளர் துறையின் தொழில்பெயர் அகராதி 1938-இல் முதலில் வந்தது. கடைசியாகத் திருத்தியது 1991-இல். அதற்குப் பிறகு உலகத்துக்கு இணையம் வந்தது, அகராதிக்கு எதுவும் வரவில்லை. கொட்டைப் பருப்பு பொறுக்குபவர், மர ஆணி சோதிப்பவர் என்று அதிலிருந்து எடுத்துச் சொல்லி, 'இந்த வேலை உங்களால் முடியுமே' என்று மனுக்களைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட அப்படிப்பட்ட தொழில்களை இனி மேற்கோள் காட்டுவதில்லை என்று சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் ஒப்புக்கொள்ள 2024 ஆகிவிட்டது.

இலக்கணம் என்றால் இலக்கணம், எல்லாருக்கும் ஒரே அளவுகோல் என்கிறீர்களா? 2021-இல் வந்த இன்னொரு தீர்ப்பைப் பாருங்கள். ஃபேஸ்புக்கில் கணக்கே இல்லாத ஒருவருக்கு, 'உங்கள் கணக்கில் யாரோ நுழைகிறார்கள்' என்று அந்த நிறுவனத்திலிருந்து குறுஞ்செய்திகள் வந்துகொண்டே இருந்தன. தானியங்கி அழைப்புகளைத் தடுக்கும் 1991-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அவர் வழக்குப் போட்டார். அங்கேயும் ஒரு வால். 'விச்' இல்லை, ஆனால் சிக்கல் அதேதான்: எண்களைச் சேமிக்கிற அல்லது உருவாக்குகிற கருவி என்று சொல்லிவிட்டு, கடைசியில் 'தற்செயலாகவோ வரிசையாகவோ எண் உற்பத்தி செய்யும் பொறியைக் கொண்டு' என்று முடிகிறது. வால் கடைசிச் சொல்லை மட்டும் பிடித்தால் மனிதர் ஜெயிப்பார், இரண்டையும் பிடித்தால் ஃபேஸ்புக் ஜெயிக்கும். இரண்டையும் பிடிக்கும் என்றது உச்ச நீதிமன்றம். ஒன்பது பேரும் ஃபேஸ்புக் பக்கம். நடுவில் ஒரு காற்புள்ளி இருந்தது, அதனால்தான் என்று வக்கீல்கள் சொல்வார்கள். இருந்தது, உண்மைதான். லிஃப்ட் இயக்கிய பெண்ணுக்கு ஒரு காற்புள்ளி போட்டுக் கொடுக்க காங்கிரஸில் ஆள் இல்லை, அவ்வளவுதான்.

2003 தீர்ப்பு இன்னொரு தூணிலும் சாய்ந்து நின்றது. சட்டம் தெளிவில்லாத இடத்தில் அரசுத் துறை சொல்லும் நியாயமான விளக்கத்துக்கு நீதிமன்றம் மரியாதை கொடுக்க வேண்டும் என்ற கோட்பாடு அது. 2024 ஜூனில் அதே உச்ச நீதிமன்றம் அந்தக் கோட்பாட்டைத் தூக்கி எறிந்தது. ஆனால் அதை வைத்துக் கொடுத்த பழைய தீர்ப்புகளுக்கு ஒன்றும் ஆகாது என்றும் கையோடு சொல்லிவிட்டது. தூண் போனாலும் கூரை நிற்கும்; அமெரிக்கக் கட்டடக்கலை.

இத்தனைக்கும் பிறகு சலுகையே இல்லை என்று சொல்லக் கூடாது. பழைய வேலை என்று 15 ஆண்டு பின்னோக்கித் தோண்டிக்கொண்டிருந்தவர்கள், 2024 முதல் ஐந்து ஆண்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆக, ஒழிந்துபோன வேலையின் பேய் தோளிலிருந்து இறங்க ஐந்து ஆண்டு காத்திருந்தால் போதும். ஒரு சின்னச் சிக்கல் மட்டும்: காப்பீடு செல்லுபடியாக, பொதுவாகக் கடந்த பத்து ஆண்டில் ஐந்து ஆண்டாவது உழைத்து வரி கட்டியிருக்க வேண்டும். வேலை போய் ஏறக்குறைய ஐந்து ஆண்டில் அதுவும் காலாவதியாகிவிடும்.