எக்ஸ்ட்ரா ஃபிட்டிங் அண்ணன்

அண்ணன் வண்டியை ரிவர்ஸ் எடுக்கிறார் என்பது எங்கள் குடியிருப்பின் நாற்பது வீட்டுக்கும் தெரியும். காலை எட்டே காலுக்கு முருகன் பாட்டு மெட்டு ஒன்று கீழிருந்து கிளம்பும். மூன்றாம் மாடிப் பாட்டி அதைக் கேட்டுத்தான் பிரஷர் மாத்திரை போடுகிறார். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வண்டி எடுப்பதில்லை. பாட்டிக்கு அன்றைக்கு மாத்திரையும் இல்லை.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று ஆதாரில் பத்திரமாக இருக்கிறது. வாட்ச்மேனிலிருந்து அயர்ன்காரர் வரைக்கும் அவர் எக்ஸ்ட்ரா ஃபிட்டிங் அண்ணன்தான். 2021-இல் ஸ்விஃப்ட் வாங்கினார். ஷோரூமிலிருந்து வடபழனி கோயிலுக்குப் போய் நாலு எலுமிச்சம்பழத்தை நசுக்கிய வண்டி, அங்கிருந்து நேராக ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போனது. வீட்டுக்கு வந்தது அதற்குப் பிறகுதான். அண்ணி ஆரத்தித் தட்டோடு இரண்டு மணி நேரம் நின்றதாகக் கேள்வி.

ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு என்பது அண்ணா சாலையை ஒட்டிய ஒரு தெரு. புடவைக்குத் தி.நகர் எப்படியோ, காருக்கு இது அப்படி. கால் மிதி வாங்கப் போனவர் கால் மிதியோடு திரும்பியதாகச் சரித்திரம் இல்லை. கடைப் பையன் வண்டியை ஒரு சுற்று சுற்றி வருவான். பிறகு பெண் பார்க்க வந்த வீட்டில் மூத்த அத்தை காட்டும் முகத்தைக் காட்டுவான். "எல்லாம் ஓகேண்ணே. வீல் மட்டும்தான் கொஞ்சம் ஆட்டோ மாதிரி இருக்கு." அவ்வளவுதான். எழுபத்திரண்டாயிரம் ரூபாய்க்கு 17 இஞ்சு அலாய் வீலும் பட்டை டயரும் ஏறிவிட்டன. கம்பெனி கொடுத்த வீல் நான்கும் எக்ஸ்சேஞ்சில் கடைக்கே போய்விட்டன. இந்த எக்ஸ்சேஞ்சை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதன்பிறகு மாதம் ஒரு திருப்பணி. பின்னால் ஸ்பாய்லர். முன்னால் இரும்புக் கம்பி. டிக்கி முழுக்க அடைத்துக்கொண்டு ஒரு வூஃபர், அதற்கு ஆம்ப்ளிஃபயர். வூஃபர் வந்த நாளிலிருந்து ரேஷன் அரிசி மூட்டை அண்ணி மடியில்தான் வருகிறது. வண்டியின் உயரத்தையும் ஒன்றரை இஞ்சு இறக்கினார். இப்போது ஸ்பீட் பிரேக்கர் வந்தால் குடும்பம் இறங்கி நடக்கும். அண்ணன் மட்டும் வண்டியைக் கோணலாகத் திருப்பி, தேர் திருப்புவதுபோல ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்குவார். முட்டுக்கட்டை போட ஆள் இல்லாததுதான் குறை.

அண்ணனுக்கென்று ஒரு கணக்கு உண்டு. வண்டி ஏழு லட்சம், ஃபிட்டிங் ரெண்டு லட்சம், ஆக ஒன்பது லட்சம். இன்சூரன்ஸ்காரர்களின் கணக்கு வேறு. வண்டியின் காப்பீட்டு மதிப்பை அவர்கள் ஐ.டி.வி. என்பார்கள். கம்பெனி விலையிலிருந்து வருஷா வருஷம் தேய்மானம் போகும். மூன்று வருஷம் தாண்டினால் நூற்றுக்கு 40, நாலு தாண்டினால் 50. அதாவது அண்ணன் மனசில் ஒன்பது லட்சமாக வளர்ந்து நிற்கும் வண்டி, பாலிசிக் காகிதத்தில் நாலு லட்சத்து இருபதாயிரமாக இளைத்துக் கிடக்கிறது. ஃபிட்டிங் என்ற சொல்லே அந்தக் காகிதத்தில் இல்லை. காரணம், அண்ணன் சொல்லவில்லை.

இங்கேதான் அண்ணனின் விசேஷமே இருக்கிறது. ஸ்பாய்லரை ஊர் பார்க்க வேண்டும். வீலைச் சிக்னலில் நிற்கிற எல்லாரும் திரும்பிப் பார்க்க வேண்டும். ஹார்ன் தாம்பரத்தில் அடித்தால் பல்லாவரத்தில் கேட்க வேண்டும். இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் தெரியக் கூடாது. அது இன்சூரன்ஸ் கம்பெனி.

போன வருஷம் ரினியூவலுக்கு ஏஜென்ட் வந்தபோது நானும் அங்கே காபி குடித்துக்கொண்டிருந்தேன். வயதான மனிதர், மஞ்சள் பையில் ஃபாரம்.

"வண்டில எக்ஸ்ட்ரா ஃபிட்டிங் ஏதாவது உண்டா சார்?"

"ஒண்ணுமே கிடையாதுங்க. கம்பெனில எப்படிக் குடுத்தானோ அப்படியே வச்சிருக்கேன்."

அந்த நேரம் பார்த்து அண்ணன் மகன் கீழே வண்டியை ரிவர்ஸ் எடுத்தான். முருகன் மெட்டு. ஏஜென்ட் காபி டம்ளரை வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பக்கத்துல கோயில் இருக்குதுங்களா?" என்று கேட்டார். "ஆமாமா" என்றார் அண்ணன்.

ஃபிட்டிங்கைச் சொன்னால் அப்படி எவ்வளவு ஆகிவிடும் என்று பிறகு ஏஜென்ட்டிடம் தனியாகக் கேட்டேன். பாட்டுப் பெட்டி மாதிரி மின்சார சாமான்களுக்கு வழக்கமாக அதன் விலையில் நூற்றுக்கு 4 ரூபாய். அண்ணனின் வூஃபர் வகையறா நாற்பதாயிரம் என்றால் வருஷத்துக்கு 1,600. வீல் மாதிரி மின்சாரம் இல்லாதவற்றின் விலை வண்டி மதிப்போடு சேர்ந்துகொள்ளும். அதற்கும் ஏறக்குறைய நூற்றுக்கு 3 சொச்சம். 18 சதவீத ஜி.எஸ்.டி.யோடு வீலும் வூஃபரும் சேர்த்து ஐயாயிரத்துக்குள் முடிந்துவிடும். மூன்றாம் நபருக்கான கட்டணம் தனி. 1,000 சி.சி.க்கு மேல் 1,500 வரை உள்ள காருக்கு 2022-இல் அரசு 3,416 ரூபாய் என்று நிர்ணயித்தது. இஞ்சினின் அளவைப் பார்த்துத்தான் அது. வண்டிக்கு வீல் மாற்றினாலும் வெள்ளிக் கவசம் சாத்தினாலும் அதில் ஒரு பைசா ஏறாது.

இதை அண்ணனிடம் சொன்னேன். "ஐயாயிரமா? அநியாயம் தம்பி! எம் பொருளை நான் மாட்டினா அவனுக்கு எதுக்குக் காசு?" என்றார். கையில் அன்றைக்கு வாங்கிய புது ஹார்ன் இருந்தது. விலை ஒன்பதாயிரம்.

நியாயமாகச் சொன்னால் எல்லாவற்றுக்கும் காசு கட்டி வாயடைத்துவிடவும் முடியாது. அண்ணன் முன்னால் மாட்டிய கம்பியை மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே கூடாது என்று மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. மோதலின் வேகம் கம்பியோடு நின்றுவிட்டால் ஏர்பேக் விரியாமல் போகலாம், எதிரே நடந்து வருகிறவருக்கும் அடி பலம். கறுப்பு ஃபிலிம் கூடாது என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படியே தவறு. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை அழுத்தமாகச் சொல்லிவிட்டது. இப்போது சட்ட விரோதமான மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஐயாயிரம் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை. இரண்டும் சேர்ந்தும் வரலாம். ஒரு மாற்றத்துக்கு ஐயாயிரம் என்ற கணக்கில் அண்ணன் வண்டியைப் பிடித்தால் பெருக்கல் வாய்ப்பாடு தெரிந்த போலீஸ்காரர் வேண்டும்.

போன ஐப்பசியில் விபத்து நடந்தது. போரூர் பக்கம் நல்ல மழை. முன்னால் போன மினி லாரி பிரேக் போட, அண்ணன் ஒடிக்க, பட்டை டயர் தண்ணீரில் வழுக்கி, மீடியனில் இடது பக்கம் போய் இடித்தது. ஆளுக்கு ஒன்றும் இல்லை. பம்பர், ஹெட்லைட், ஃபெண்டர், ஒரு அலாய் வீல், அதற்கு உள்ளே லோயர் ஆர்ம் எல்லாம் போயின. வொர்க்‌ஷாப்பில் அறுபதாயிரம் தாண்டும் என்றார்கள். 50,000-க்கு மேல் போனால் உரிமம் வாங்கிய சர்வேயர் வந்து பார்த்தே ஆக வேண்டும். நாளைக் காலை பத்து மணிக்கு வருகிறார் என்று போன் வந்தது.

அன்று இரவு ஒன்பது மணிக்கு அண்ணன் என் கதவைத் தட்டினார். "தம்பி, டார்ச் இருக்கா?"

இருந்தது. அதுதான் என் தவறு.

விடிய விடிய வண்டிக்கு நகை கழற்றினோம். ஒடிந்த கம்பி, ஸ்பாய்லர், ஹார்ன் நாலு, வூஃபர், ஆம்ப்ளிஃபயர். சொந்தக்காரர் வீட்டில் ரெய்டு வருகிறது என்று கேள்விப்பட்ட குடும்பம் மாதிரி ஒரு பரபரப்பு. எல்லாம் சாக்கில் கட்டி வொர்க்‌ஷாப் பரணில் ஏறின. கடைசியில் வீல். கம்பெனி வீல்தான் எக்ஸ்சேஞ்சில் போய்விட்டதே. அண்ணன் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். பிறகு நிமிர்ந்தார். அவருடைய மச்சானிடமும் ஸ்விஃப்ட் இருக்கிறது. நடு ராத்திரி ஒரு மணிக்கு மச்சானை எழுப்பினார். விடியும்போது மச்சான் வண்டி அவர் வாசலில் நாலு கருங்கல்லின் மேல் தவம் இருந்தது.

பத்து மணிக்குச் சர்வேயர் வந்தார். பழைய ஸ்ப்ளெண்டர், தோளில் ரெக்சின் பை, ஹெல்மெட்டைக் கழற்றாமலே பாதி வேலையை முடிக்கிற ரகம். பேச்சே இல்லை. குனிந்தார், நிமிர்ந்தார், படம் எடுத்தார். இடது முன் சக்கரத்திடம் வந்ததும் உட்கார்ந்துவிட்டார்.

"லோயர் ஆர்ம் இப்படி வளைஞ்சிருக்கு. வீலுக்கு ஒரு கீறல்கூட இல்லையே சார்."

"கம்பெனி வீல் சார். ஸ்ட்ராங்" என்றார் அண்ணன்.

சர்வேயர் ஒன்றும் சொல்லவில்லை. பம்பரில் கம்பி இருந்த இடத்தில் நாலு துளை. டிக்கியைத் திறந்தால் அறுத்து ஒட்டிய ஒயர் இரண்டு, தலை துண்டான பாம்பு மாதிரி நீட்டிக்கொண்டு கிடந்தன. என் வயிற்றில் புளி கரைந்தது. சொல்லாத சாமானுக்குக் காசு வராது, அது போகட்டும். மாற்றின டயரால்தான் வழுக்கியது என்று எழுதிவிட்டால் மொத்த கிளெய்முக்கே வில்லங்கம். அண்ணன் அசையவில்லை. நேற்று இரவிலிருந்து மௌன விரதம் காத்த முகம்.

சர்வேயர் அந்த ஒயரைக் கையில் எடுத்தார். மெதுவாகத் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல கனமான ஒயர் சார். கண்ட கண்ட ஆளெல்லாம் இப்படிப் போட மாட்டான். பெரிய செட்டா இருந்திருக்கும் போல?"

அண்ணனின் தொண்டைக் குமிழ் ஒரு முறை ஏறி இறங்கியது. நான் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"இந்த மாடலுக்குக் கம்பெனி குடுக்கிற சவுண்டு சுமார்தான் சார்" என்றார் சர்வேயர். "வீல்கூட அப்படித்தான். வண்டியோட லுக்குக்கே பொருந்தாது."

"ஆட்டோ மாதிரி இருக்கும்" என்றார் அண்ணன்.

"அதேதான் சார்!"

நான்கு வருஷத்தில் அண்ணனிடம் இப்படி ஒருவரும் பேசியதில்லை. அண்ணி பேசியதில்லை, நான் பேசியதில்லை, மச்சான் நிச்சயமாகப் பேசியதில்லை. அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

"17 இஞ்சு போட்டிருந்தேன் சார்" என்றார். குரல் தழுதழுத்தது. "டயரோட எழுபத்திரண்டாயிரம். பில் வச்சிருக்கேன். டேய், அந்தப் பரண்ல இருக்கிற சாக்கை எல்லாம் இறக்குடா!"

மெக்கானிக் பையன் என்னைப் பார்த்தான். நான் டார்ச்சைப் பார்த்தேன். சாக்குகள் ஒவ்வொன்றாக இறங்கின. அண்ணன் துணியால் துடைத்துத் துடைத்துத் தரையில் வரிசையாக அடுக்கினார். வீல், ஸ்பாய்லர், வூஃபர், ஹார்ன் நாலும். எதை எங்கே வாங்கினார், எவ்வளவு குறைத்துக் கேட்டார் என்பதெல்லாம் உடனுக்குடன் சொல்லப்பட்டது. ஒரு ஹார்னுக்கு பேட்டரி இணைப்புக் கொடுத்து அடித்தும் காட்டினார். தெருவில் போன மாடு ஒன்று நின்று திரும்பிப் பார்த்தது.

சர்வேயர் ஹெல்மெட்டைக் கழற்றி வண்டி மேல் வைத்தார். போனை எடுத்தார். ஒவ்வொன்றாகப் படம் பிடிக்க ஆரம்பித்தார்.

"அங்கேருந்து வேணாம் சார்" என்றார் அண்ணன், வீலை வெயில் பக்கம் திருப்பி வைத்து. "இந்தப் பக்கம் வாங்க. இங்கேதான் அதோட ஷைனிங் தெரியும்."