விழுற இடத்தைப் பாரு மாப்ளே

வா மாப்ளே, உக்காரு. என்ன, லேப்டாப் பட்டனை அமுக்குனா லோகோ வருது, கீழ புள்ளி சுத்துது, பொசுக்குனு அணைஞ்சு மறுபடியும் லோகோவா? பரவாயில்லையே! நீ அரியர் பேப்பரைக்கூட இத்தனை தடவை எழுதுனதில்ல. மெஷினுக்கு உன்னைவிட விடாமுயற்சி ஜாஸ்தி.

வைத்தியமெல்லாம் முடிச்சுட்டுத்தான் வந்திருக்கே, தெரியுது. தட்டிப் பார்த்திருக்கே, குலுக்கிப் பார்த்திருக்கே, வெயில்லயும் வச்சிருக்கே. ஆயுத பூஜைக்கு வச்ச குங்குமத்துல பாதி மூடியில இருக்கு, மீதி காத்துப் போற ஓட்டைக்குள்ள இருக்கு. அதுக்கு மேல இலவம்பஞ்சு மெத்தையில போட்டுப் படம் பார்க்குறது. அடியில மூச்சு விடுற வழியை அடைச்சா சூடேறாம என்ன செய்யும்? சூடு எல்லை மீறுனா தன்னைக் காப்பாத்திக்க அதுவே அணைஞ்சுக்கும். உனக்கு இல்லாத புத்தி அதுக்கு இருக்கு.

போர் மோட்டார் ட்ரிப் ஆனா எங்க மச்சான், அதான் உங்கப்பா, என்ன பண்ணுவாரு? எந்த ஃபேஸ் வரல, பம்பு இறுகியிருக்கான்னு பார்க்க மாட்டாரு. பச்சைப் பட்டனை அமுக்கு அமுக்குன்னு அமுக்கி, காயிலைக் கருக்கிட்டு எங்கிட்ட வருவாரு. நானும் சந்தோசமா காயில் கட்டிக் காசு பார்த்தேன். நீயும் அதே வம்சம்தான், ஆனா லேப்டாப்புக்குக் காயில் கட்ட என்னால முடியாது. காயில் கட்டுறவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு முழிக்காதே. டவுன்ல என் மவன் சர்வீஸ் கடை வச்சிருக்கான்ல, சாயங்காலமானா அந்தக் கடை பெஞ்சுதான் எனக்கு. டீயும் ஓசி, பாடமும் ஓசி.

முதல்ல மவுஸ், பென்டிரைவ், பிரிண்டர் ஒயரு எல்லாத்தையும் உருவிப் போடு. டச்பேட் பக்கம் மேடு தட்டியிருக்கான்னு தடவிப் பாரு. உப்பியிருந்தா அது பேட்டரி. அதை அமுக்கவும் வேணாம், குத்திப் பார்க்கவும் வேணாம், சார்ஜர் போடவும் வேணாம். நேரா கடைக்குத் தூக்கிட்டுப் போ. அது நல்லாருந்தா, இப்போ ஆன் பண்ணிட்டு எந்த இடத்துல விழுதுன்னு பாரு. கையை வச்சுக்கிட்டுச் சும்மா பார்க்கணும். உனக்கு அதுதான் கஷ்டம்.

லோகோ வர்றதுக்கு முன்னாலயே விழுந்தா விண்டோஸைத் திட்டாதே, பாவம் அது இன்னும் மேடையே ஏறல. ராமு, பேட்டரி, போர்டு இதுகள்லதான் கோளாறு. பெரும்பாலும் ராமு சரியா உக்காராம இருக்கும். சார்ஜரை உருவி, பேட்டரி இணைப்பையும் எடுத்துட்டு, ராமைக் கழட்டி அதோட தங்க நிறப் பல்லைப் பென்சில் ரப்பரால லேசாத் துடைச்சு, தூளை ஊதிட்டு மாட்டணும். ரெண்டு ராமு இருந்தா ஒண்ணொண்ணா மாட்டிப் பார்த்தா திருடன் எவன்னு தெரிஞ்சுரும். மெல்லிசு லேப்டாப்புல ராமைப் போர்டோட பத்த வச்சிருப்பான், அங்க போய் ஸ்குரூடிரைவரைத் திருப்பாதே.

புள்ளி சுத்தும்போது விழுந்தா கதையே வேற. சாகுறதுக்கு முன்னால அது காரணத்தைத் திரையில எழுதத்தான் செய்யுது. நீ படிக்கிறதுக்குள்ள ரீஸ்டார்ட் ஆகிருது, அப்படித்தான் விண்டோஸ்ல வச்சிருக்கான். முதல்ல அந்த அவசரத்தை நிறுத்தணும். லோகோ வரும்போது பவர் பட்டனைப் பத்து செகண்டு அமுக்கி அணை. ரெண்டு தடவை இப்படிப் பண்ணுனா மூணாவது தடவை ரிப்பேர் திரைக்கு அதுவே போகும். அங்க டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ்னு உள்ள போய் ரீஸ்டார்ட் குடுத்தா ஒரு பட்டியல் வரும். 9 அமுக்குனா தானா ரீஸ்டார்ட் ஆகாம நின்னு, விழுந்த காரணத்தைக் காட்டும். 'இன்ஆக்சசிபிள் பூட் டிவைஸ்'னா டிஸ்க்குப் பக்கம் போ, 'மெமரி மேனேஜ்மென்ட்'னா ராமுப் பக்கம் போ. செல்லுல படம் புடிச்சு வச்சுக்க, செல்பி இல்ல.

அதே பட்டியல்ல 4 அமுக்குனா சேஃப் மோடு. அவசியமான டிரைவரை மட்டும் ஏத்திக்கிட்டு எந்திரிக்கும். அதுல நல்லா நின்னுச்சுன்னா, கடைசியா நீ ஏத்துன டிரைவரோ ஆன்ட்டிவைரஸோதான் காலை வாருது. அதை எடுத்துரு. இதைச் சின்ன விசயம்னு நெனைக்காதே. 2024 ஜூலை 19 அன்னைக்கு கிரவுட்ஸ்டிரைக்னு ஒரு பாதுகாப்புக் கம்பெனி அனுப்புன ஒரே ஒரு கோளாறான ஃபைலால, உலகம் பூரா 85 லட்சம் விண்டோஸ் மெஷின் உன்னுது மாதிரியேதான் எந்திரிச்சு எந்திரிச்சு விழுந்துச்சு. நம்ம நாட்டு விமான நிலையத்துலயே போர்டிங் பாஸைப் பேனாவால எழுதிக் குடுத்தான். கம்பெனிக்காரன் 78 நிமிசத்துல சரி பண்ணிட்டான். ஆனா விழுந்துக்கிட்டே இருக்குற மெஷின் அதை எப்படி வாங்கும்? கடைசியில ஒவ்வொண்ணாப் போய் சேஃப் மோடுல அந்த ஃபைலை அழிச்சாங்க. கோட்டு சூட்டு போட்டவனுக்கும் அதே வைத்தியம்தான்.

இன்னும் பிடிபடலைன்னா, பென்டிரைவுல உபுண்டு ஏத்தி அதுலருந்து ஓட்டிப் பாரு. அதுவும் நடுவுல விழுந்தா மெஷின்லதான் கோளாறு. அது ஜம்முனு ஓடுனா விண்டோஸோ டிஸ்க்கோ. ஓடுற சாக்குல உன் ஃபைலையெல்லாம் வேற டிஸ்க்குக்குக் காப்பி பண்ணிரு. பிட்லாக்கர் பூட்டு இருந்தா 48 இலக்கச் சாவி கேக்கும், மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டுல தேடு. பாஸ்வேர்டு மறந்துட்டேன்னு இங்க வந்து நிக்காதே. காப்பி எடுக்காம ரீசெட்டுல வர்ற 'ரிமூவ் எவ்ரிதிங்' பக்கம் மட்டும் விரலை வச்சே, உன் கல்யாண ஆல்பத்தோட சேர்த்து உன் பொண்டாட்டி உன்னையும் ரிமூவ் பண்ணிருவா.

இதுக்கும் மேல போனா கடைதான். அங்க போய் "அண்ணே, ஓடல"ன்னு மட்டும் சொன்னா, அவன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு "போர்டு போச்சு தம்பி"ம்பான். "ராமு மாத்திப் பார்த்தேன், சேஃப் மோடுல நிக்குது, பென்டிரைவுல ஓடுது"ன்னு சொல்லிப் பாரு, ரேட்டு தானா இறங்கும். அதுக்காக என் மவன் கடையில போய் இப்படிப் பேசித் தொலைக்காதே மாப்ளே. என் ஓசி டீயில கை வச்சுராதே.