மத்தியானப் பாய் எங்கே போடுவது? சண்டிலிப்பாய் வீடொன்றை முன்வைத்து ஓர் ஆய்வு

சித்திரை மாதம், மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு சண்டிலிப்பாயில் எழும் தலையாய சிக்கல், பாயை எங்கே போடுவது என்பது. முன்னோர் இதுபற்றி நூல் எதுவும் செய்யவில்லை. உண்டதும் படுத்துவிட்டார்கள் என்று கொள்க. ஏப்ரல் நடுவில் யாழ் குடாநாட்டுக்குச் சூரியன் நேர் உச்சியில் நிற்பதால், ஆய்வுக்கு அதைவிட உகந்த காலம் இல்லை.

ஆய்வுக்களம் ஒரு வீடு: முன்னுக்குப் பழைய ஓட்டு விறாந்தை, பின்னுக்குக் கனடாக் காசில் எழும்பிய பிளாற் (கொங்கிறீற் தட்டைக்கூரை) போட்ட கோல். லீவில் வந்த மருமகன் வெப்பமானியை இரண்டு இடத்திலும் பிடித்துப் பார்த்துவிட்டு, "மாமி, ரெண்டும் ஒரே சூடுதானே" என்றார். "உது காத்தின்ரை சூடு தம்பி. கோலுக்கை படுத்துப் பாருங்கோ, மேலையிருந்து வெக்கை முகத்திலை அடிக்கும்" என்று மாமி மறுத்தார்.

விஞ்ஞானம் மாமியின் பக்கம். உடம்பு காற்றோடு மட்டும் கணக்கு வைப்பதில்லை; கூரை, சுவர், நிலம் எல்லாவற்றோடும் கதிர்வழியே வெப்பத்தைக் கொடுத்து வாங்குகிறது. ஒரு பக்கம் கூடச் சுட்டால் மனிதர் எவ்வளவு பொறுப்பர் என்பதை டென்மார்க்கின் பேராசிரியர் ஃபாங்கர் ஆட்களை உட்கார்த்திவைத்து ஆராய்ந்தார். இன்றைய சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 7730, சுடுசுவர் என்றால் 23 பாகை வித்தியாசம் வரை விட்டுக்கொடுக்கிறது. சுடுகூரைக்கு 5 பாகைதான். சோறும் மோரும் உண்டு மல்லாந்தவருக்கு அதுவும் அதிகம் என்பது நம் துணிபு: நிற்பவர் கூரைக்குத் தலையையும் தோளையும்தான் காட்டுகிறார், படுத்தவரோ முழு நீளத்தையும் ஒப்படைத்துவிடுகிறார். சீலிங் ஃபான் வியர்வையை உலர்த்தும், கதிரைத் தடுக்காது. (ஃபாங்கர் மாமியைச் சந்திக்காதது டென்மார்க்குக்கு இழப்பு.)

ஓடும் சுடும்தான். ஆனால் இடுக்கு வழியே மூச்சு விடும், பொழுதுபட்டால் ஆறிவிடும். பிளாற் அப்படியல்ல. பகலில் குடித்த வெயிலைச் சேமித்துவைத்து, விளக்கு வைக்கும் நேரத்தில் வட்டியோடு கீழே இறக்கும். ஆகவே இரவில் ஆய்வுக்களம் மொட்டைமாடிக்கு மாறுகிறது. தண்ணி தெளித்துப் பாய் போட்டால், மேலே தெளிந்த வானம் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். வானத்தைக் குளிர்கூரை என்று கொண்டால், அதற்குத் தரம் 14 பாகை வரை அனுமதிக்கிறது. நுளம்புக்கு என்ன அனுமதி என்று அது சொல்லவில்லை.

பிளாற்றுக்கு மேலே வெள்ளை அடித்தால் வெயிலின் பெரும்பகுதி திரும்பிப் போகும் என்பதை மருமகன் ஒப்புக்கொண்டார். சுண்ணாம்புக்கு ஆர் காசு என்பது தனி ஆய்வு.