வண்டி விக்கினால் தண்ணீர் கொடுக்காதீர்கள்

நேற்றுவரை ஒழுங்காக ஓடிய வண்டி, இன்று காலை சிக்னலைத் தாண்டியதும் திக்குகிறது. நீங்கள் ஆக்சிலேட்டரை அசைக்காமலே ஒரு தூக்குத் தூக்குகிறது. மறுபடி திக்குகிறது. பின்னால் வந்த ஆட்டோக்காரர் உங்களைப் பற்றி ஓர் அபிப்பிராயம் சொல்லிவிட்டுப் போகிறார். கவலை வேண்டாம். கார்புரேட்டர் வைத்த பழைய 100 சிசி வண்டி, ஸ்ப்ளெண்டர் என்றே வைத்துக்கொள்வோமே, மிஸ்ஸிங் ஆனால் என்ன செய்வதென்று நம் ஊரில் காலகாலமாகக் கைக்கொள்ளும் முறைகள் உண்டு. வரிசை மாறாமல் செய்து வந்தால் பர்ஸ் காலியாகும்வரை வழி தவற வாய்ப்பில்லை.

முதல் விதி, எப்போது திக்குகிறது என்பதைக் கவனித்துவிடாதீர்கள். நாலு ஸ்ட்ரோக் ஒற்றை சிலிண்டர் இஞ்சின் நிமிடத்துக்கு 6000 சுற்று ஓடினால், நொடிக்கு 50 முறை உள்ளே தீப்பிடிக்க வேண்டும். அதில் சில தவறினாலே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிந்துவிடும். காலையில் மட்டும் தவறுகிறதா, சூடேறியபின் மட்டுமா, மழையில் மட்டுமா, மேம்பாலம் ஏறும்போதா, நாற்பதில் ஒரே சீராகப் போகும்போதா என்று பார்த்து வைத்தால் பாதி நோய் தெரிந்துபோகும். அப்புறம் மெக்கானிக்குக்கு என்ன வேலை? அவர் கேட்டால் "மிஸ்ஸிங்ணே" என்று மட்டும் சொல்லுங்கள். "விட்டுட்டுப் போங்க, பாத்துரலாம்" என்பார். இருவருக்கும் நிம்மதி.

அடுத்தது டீக்கடை. அங்கே நிற்கும் மூன்று பேரில் ஒருவர் காயில் என்பார், ஒருவர் சிடிஐ என்பார். மூன்றாமவர் "எல்லாம் பெட்ரோல்ல எத்தனால் கலக்குறாங்கல்ல, அதான்" என்று சொல்லி டம்ளரைக் கீழே வைப்பார். இவர் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருப்பதுதான் சங்கடம். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால், பழைய ஜெட் வைத்த கார்புரேட்டர் கொடுக்கும் கலவையில் பெட்ரோல் சற்றுக் குறைச்சலாகவே அமையும். எத்தனால் தண்ணீரையும் இழுக்கும். அளவு மிஞ்சினால் இரண்டும் சேர்ந்து டாங்கின் அடியில் தங்கிவிடும். இது உண்மையா என்று பார்க்கக் கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் இருக்கும் ட்ரெயின் ஸ்க்ரூவைத் தளர்த்தி, வருவதை ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்து வெளிச்சத்தில் வைத்தால் போதும். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக உருண்டு நிற்கும். ஆனால் கண்ணால் பார்த்துவிட்டால் விவாதம் முடிந்துவிடும். அதனால் செய்யாதீர்கள், இன்னொரு டீ சொல்லுங்கள்.

இனி ப்ளக். புது ப்ளக் வாங்குங்கள், இரிடியம் என்றால் இன்னும் மரியாதை. பழையதைக் கழற்றிய கையோடு சாக்கடையில் வீசுங்கள். அதன் மூக்கைப் பார்த்துவிட்டால் ஆபத்து. அது பிஸ்கட் நிறத்தில் இருந்தால் உள்ளே எரிவது சரியாக எரிகிறது என்று அர்த்தம், நீங்கள் வேறு இடத்தில் தேட வேண்டும். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், சோக் முழுசாக விழாமல் இருக்கலாம். வெளுத்திருந்தால் காற்று அதிகம். எண்ணெய்ப் பசையோடு ஈரமாக இருந்தால் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ ஆயில் விடுகிறது. இத்தனையையும் காசு வாங்காமல் சொல்லும் சாட்சியை எந்த வழக்கிலும் முதலில் அப்புறப்படுத்துவதுதானே முறை? புது ப்ளக் கைவசம் இல்லாதவர்கள் பழையதையே உப்புத்தாள் கொண்டு தேய்த்துப் பளபளப்பாக்கலாம். சாட்சியைக் கலைப்பதிலும் அதே பலன் கிடைக்கும்.

ஆயுத பூஜையை மறக்கக் கூடாது. முந்தின நாள் வண்டியை வாட்டர் சர்வீஸில் விட்டு, பிரஷர் குழாயை நேராக சிலிண்டர் தலையில் பிடிக்கச் சொல்லுங்கள். தண்ணீர் ப்ளக் கேப்புக்குள் இறங்கும், ஃபில்டர் பெட்டிக்குள்ளும் போகும். சந்தனம், குங்குமம், சக்கரத்துக்கு எலுமிச்சை எல்லாம் ஆனபின் வண்டி தெருமுனையில் திக்கினால் கண் பட்டுவிட்டது என்று முடிவு கட்டலாம். ப்ளக் கேப்பைக் கழற்றி உதறி, உலர்ந்த துணியால் துடைத்துப் பார்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். இருட்டில் இஞ்சினை ஓடவிட்டு, தொடாமல் எட்ட நின்று பார்த்தால் வெடித்த ஒயரிலிருந்து நீலமாகப் பொறி தாவுவது தெரியும் என்றும் சொல்வார்கள். பூசணிக்காய் உடைத்தவருக்கு இதெல்லாம் எதற்கு?

இப்போது தூக்கலுக்கு வருவோம். ஸ்லோ ஸ்பீடில் நிற்கும்போது ரேஸ் தானாக ஏறி இறங்குகிறது, ஒரே வேகத்தில் போகும்போது முன்னும் பின்னும் ஆடுகிறது. இதற்கு ஒரே மருந்து ஸ்க்ரூடிரைவர். கார்புரேட்டரில் தென்படும் இரண்டு திருகுகளையும் ஆளுக்கொரு முறை திருகுங்கள். முன்பு எங்கே இருந்தன, எத்தனை சுற்று திறந்திருந்தன என்று எண்ணி வைக்காதீர்கள்.

இந்த நோயைப் பிடிக்கச் சுலபமான சோதனை ஒன்று உண்டு, சொல்லாமல் இருக்க முடியவில்லை. சூடான வண்டியில் சோக்கைப் பாதி இழுத்துப் பாருங்கள். திக்கலும் ஆட்டமும் அடங்கினால் இஞ்சினுக்குப் பெட்ரோல் போதவில்லை, அல்லது கணக்கில் வராத காற்று எங்கிருந்தோ நுழைகிறது. மோசமானால் பெட்ரோல் ஏற்கெனவே அதிகம். இவ்வளவுதான். ஸ்லோ ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. மூன்று மாதம் நின்ற வண்டியில் காய்ந்த பெட்ரோலின் பிசினே அதை அடைத்துவிடும். கம்பியால் குத்தித் துளையைப் பெரிதாக்குகிறவர்களும் இருக்கிறார்கள். நோய் தீரும், மைலேஜும் தீரும். துளை சுத்தமாக இருந்தும் ஆடினால் கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள மேனிஃபோல்டைப் பாருங்கள். ரப்பர் வெடித்திருக்கும், அல்லது ஓரிங் நசுங்கியிருக்கும். மெக்கானிக்குகள் இதை "ஏர் எடுக்குது" என்பார்கள். இஞ்சின் ஓடும்போது இணைப்பில் சோப்புத் தண்ணீரைத் துளித்துளியாக விட்டால், ஓட்டை உள்ள இடத்தில் சத்தம் மாறும். சிலர் இதற்குப் பெட்ரோலையே ஊற்றிப் பார்ப்பார்கள். கிண்டலை ஒதுக்கிவிட்டுச் சொல்கிறேன், சூடான சைலன்சர் பக்கத்தில் அதைச் செய்பவரிடமிருந்து வண்டியை உடனே வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

டேப்பெட் சத்தம் கேட்டால் டைட் வைக்கச் சொல்வதும் நல்ல பழக்கம். சத்தம் நின்றுவிடும். சூடேறி உலோகம் விரிந்ததும் வால்வு முழுசாக மூடாது, கம்ப்ரஷன் கசியும், பத்து கிலோமீட்டரில் மிஸ்ஸிங் ஆரம்பிக்கும். லேசாகச் சத்தமிடும் டேப்பெட் நல்லது.

2020 ஏப்ரலில் பிஎஸ் 6 வந்தபின் வாங்கிய வண்டி என்றால் பெரும்பாலும் கார்புரேட்டரே இருக்காது, ஸ்க்ரூடிரைவருக்கும் வேலை கிடையாது. திக்கினால் மீட்டரில் மஞ்சள் விளக்கு எரியும். அதன்மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள்.

எதற்கும் மசியாத வண்டியை மச்சானுக்கு விற்பது கடைசி முறை. அப்படி ஒரு வண்டி கிளம்பும்போது குறையே இருக்காது. பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஓடியதும் திக்கித் திணறி நிற்கும். பெட்ரோல் இருக்கிறதா என்று டாங்க் மூடியைத் திறப்பீர்கள், "புஸ்" என்று ஒரு சத்தம் வரும். பெட்ரோல் தளும்பும். மூடிவிட்டு உதைத்தால் உடனே கிளம்பும். "ஹீட் ஆகுது, கொஞ்சம் ரெஸ்ட் குடுத்தா சரியாகிடும்" என்று கண்டுபிடித்து, ரெஸ்ட் கொடுத்து ஓட்டி, பிறகு போர் அடித்துப் பிஸ்டன் மாற்றி, அதற்கும் பிறகு வந்த விலைக்குத் தள்ளிவிட்டீர்கள்.

மச்சான் முதல் நாளே அந்த "புஸ்" சத்தத்தைக் கேட்டார். பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். அதற்காக மூடியில் இருக்கும் சிறு துளையை மண்ணும் பாலிஷும் அடைத்திருந்தன. ஒரு குண்டூசியை எடுத்துக் குத்தி, துடைத்து, மாட்டிவிட்டார். தீபாவளிக்கு அவர் அதே வண்டியில்தான் குடும்பத்தோடு வருவார். வண்டி எப்படி ஓடுகிறது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.