பச்சை ஓகேயை நம்பிய காலம்

ரெட் ஹேட் லினக்ஸ் சர்வர் பூட் ஆகும்போது கறுப்புத் திரையில் வரிகள் ஓடும். இடப்பக்கம் சர்வீஸின் பெயர், வலது ஓரத்தில் சதுர அடைப்புக்குள் பச்சை நிறத்தில் ‘ஓகே’. இரண்டாயிரத்தை ஒட்டி இந்த வேலைக்கு வந்த அட்மின்களுக்கு, பச்சை வரிசையாக விழுந்துவிட்டால் வீட்டுக்குக் கிளம்பலாம் என்று அர்த்தம். உண்மையில் அந்த ஓகே சொன்னது இவ்வளவுதான்: ஸ்டார்ட் செய்யும் ஷெல் ஸ்கிரிப்ட் ஓடி முடிந்தது, பூஜ்யத்தைத் திருப்பித் தந்தது. அது கிளப்பிவிட்ட ப்ராசஸ் அடுத்த நொடியே செத்து விழுந்தாலும் பச்சை பச்சையாகவே நிற்கும்.

இன்று வேலைக்குச் சேரும் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். சர்வீஸ் விழுந்தால் தானாக எழுந்துகொள்ளும், ஏன் விழுந்தது என்று ஒரே கமாண்டில் தெரிந்துவிடும் என்பதுதான் அவர்கள் பார்த்த உலகம்.

யூனிக்ஸில் கெர்னல் எழுந்ததும் முதலில் ஓட விடும் ப்ராசஸ் இனிட். அதன் எண் 1. மற்றவை எல்லாம் அதன் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். 1979-இல் வந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸில் இனிட் ஓட்டிய ஆர்சி ஸ்கிரிப்ட் ஒரு பக்கம்கூட வராது. டிஸ்கை மவுன்ட் செய்யும், தற்காலிக ஃபைல்களை அழிக்கும், அப்டேட், கிரான் இரண்டையும் கிளப்பும், அவ்வளவுதான். பெர்க்லி யூனிக்ஸ்கள் அந்த வழியிலேயே போயின. ஏடி அண்ட் டி நிறுவனத்தின் சிஸ்டம் ஃபைவ் ரன்லெவல்களை வைத்து இயங்கியது. மிக்கேல் வான் ஸ்மூரென்பர்க் லினக்ஸுக்கு எழுதிய இனிட் அதைப் பின்பற்றியது. நாங்கள் கைப்பழக்கமாகக் கற்றது அதைத்தான்.

ஒவ்வொரு ரன்லெவலுக்கும் ஒரு டைரக்டரி, அதற்குள் சிம்லிங்குகள். எஸ் என்று தொடங்கினால் ஸ்டார்ட், கே என்றால் கில். அடுத்து வரும் இரண்டு இலக்க எண்தான் வரிசை. ரெட் ஹேட்டில் எஸ்10 நெட்வொர்க், எஸ்12 சிஸ்லாக், எஸ்55 எஸ்எஸ்ஹெச், எஸ்80 சென்ட்மெயில், எஸ்85 வெப் சர்வர். ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. சென்ட்மெயில் கிளம்பும்போது தன் மெஷினின் முழுப் பெயரை டிஎன்எஸ்ஸில் தேடும். பெயர் கிடைக்கவில்லையென்றால் நிமிடக்கணக்கில் அதே வரியில் நிற்கும். அந்த சர்வரிலிருந்து ஒரு மெயில்கூடப் போகப் போவதில்லை. ஆனாலும் 80 முடியாமல் 85 வராது, வெப்சைட் அதுவரை மூடியே கிடக்கும். எந்த சர்வீஸ் எதை நம்பி இருக்கிறது என்று எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. டேட்டாபேஸுக்கு ஒரு எண், அப்ளிகேஷனுக்கு இடைவெளி விட்டு இன்னொரு எண் என்று போட்டுவைப்போம். அதற்கான காரணம் போட்டவர் தலையில்தான் இருக்கும். அவர் வேறு கம்பெனிக்குப் போனால் காரணமும் கூடவே போய்விடும்.

சென்னையில் ஒரு அலுவலகத்தில் இரவு ஷிஃப்ட் பார்த்த காலத்தில் ஒருநாள் கரண்ட் போய், யூபிஎஸ் பேட்டரியும் தீர்ந்து, சர்வர்கள் ஓடிக்கொண்டிருந்த மேனிக்கே அணைந்தன. கரண்ட் வந்ததும் தாமாக எழுந்துகொண்டன. மெஷின் ரூமிலிருந்து ஆபரேட்டர் போன் செய்தார். “சார், எல்லாம் பச்சையா ஓகே வந்துடுச்சு. பில்லிங் ஸ்கிரீன் மட்டும் வரமாட்டேங்குது. ஸ்டார்ட் குடுத்தா ஏற்கெனவே ஓடிட்டிருக்குன்னு சொல்லுது. ஸ்டாப் குடுத்துட்டுத் திரும்ப ஸ்டார்ட் பண்ணட்டுமா?”

“வேணாம், எதையும் தொடாதீங்க, நானே உள்ள வந்து பாக்கறேன்” என்று சொல்லிவிட்டு லாகின் செய்தேன். அந்த அப்ளிகேஷன் கிளம்பும்போதெல்லாம் தன் ப்ராசஸ் எண்ணைத் தன்னுடைய டைரக்டரியிலேயே ஒரு பிட் ஃபைலில் எழுதி வைக்கும், ஒழுங்காக நின்றால் அழித்துவிடும். கரண்ட் போனதில் அழிக்க நேரமில்லை, பழைய எண் ஃபைலிலேயே தங்கிவிட்டது. அடுத்த முறை பூட் ஆகும்போது ஸ்கிரிப்ட் அந்த எண்ணைப் படித்து, இப்படி ஒரு ப்ராசஸ் உயிரோடு இருக்கிறதா என்று கெர்னலைக் கேட்டது. இருக்கிறது என்று கெர்னல் சொன்னது. பூட் ஒவ்வொரு முறையும் அதே வரிசையில் நடப்பதால் எண்களும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் வந்து விழும். பில்லிங்கின் பழைய எண் இப்போது டேட்டாபேஸின் ப்ராசஸ் ஒன்றுக்குப் போயிருந்தது. ஆபரேட்டர் கேட்டபடி ஸ்டாப் கொடுத்திருந்தால், ஸ்கிரிப்ட் டேட்டாபேஸுக்கு கில் சிக்னல் அனுப்பியிருக்கும். ஃபைலை அழித்து ஸ்டார்ட் கொடுத்ததும் பில்லிங் எழுந்தது.

ஒரு ப்ராசஸ் உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள அதன் எண்ணை ஃபைலில் எழுதி வைக்கும் நிலை ஏன் வந்தது? அதைத் தெரிந்துகொள்ள வேண்டிய தாய் ப்ராசஸிடமிருந்து அது வேண்டுமென்றே பிரிந்து போவதால்தான். நல்ல டீமன், அதாவது பின்னணியில் ஓடும் ப்ரோகிராம், எழுதும் முறை என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே அதுதான். ஃபோர்க் செய்து ஒரு பிள்ளை ப்ராசஸை உருவாக்கு, தாய் வெளியேறட்டும், புது செஷன் தொடங்கு, மறுபடி ஃபோர்க் செய். அப்படி அநாதையான ப்ராசஸை இனிட் தத்தெடுத்துக்கொள்ளும். அது செத்தால் கெர்னல் இனிட்டிடம்தான் செய்தி சொல்லும். எப்படிச் செத்தது, எந்த சிக்னலில் செத்தது, எல்லாம் இனிட் கைக்கு வரும். இனிட் அதை வாங்கிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் கைவிட்டுவிடும்.

செத்ததைத் திரும்ப எழுப்பத் தெரியாத ப்ரோகிராமும் இல்லை அது. இனிட்டாப் ஃபைலில் ‘ரெஸ்பான்’ என்று ஒரு சொல் உண்டு. கன்சோலில் லாகின் கேட்டு நிற்கும் கெட்டி என்ற சின்ன ப்ரோகிராம் செத்தால், அந்தச் சொல்லைப் பார்த்து இனிட் உடனே அதை மறுபடி கிளப்பும். யாரும் உட்காராத கன்சோலின் லாகின் வரிக்குக் காவல் இருந்தது. கம்பெனியின் பிழைப்பே தங்கியிருந்த டேட்டாபேஸுக்கு அந்தக் காவல் இல்லை. எனக்கு இதுதான் இந்த வரலாற்றின் மையம். கண்காணிக்கும் சக்தி முதல் ப்ராசஸிடம் தொடக்கத்திலிருந்தே இருந்தது. அதைச் சுற்றிக்கொண்டு போக ஒரு பெரிய ஏற்பாட்டையே கட்டிவைத்திருந்தோம்.

இதை முதலில் உரக்கச் சொன்னவர்களில் டேனியல் பெர்ன்ஸ்டைன் ஒருவர். அவருடைய டீமன்டூல்ஸில் எந்த ப்ரோகிராமும் ஓடி ஒளியக் கூடாது, தாயின் கண்முன்னே நிற்க வேண்டும். கியூமெயில் என்ற மெயில் சர்வரை ஓட்டியவர்கள் பலர் அதைப் பயன்படுத்தினார்கள். பெரிய டிஸ்ட்ரிபியூஷன்கள் திரும்பிப் பார்க்கவில்லை. 2005-இல் சோலாரிஸ் 10 எஸ்எம்எஃப் என்ற ஏற்பாட்டோடு வந்தது. ஒரு சர்வீஸ் ஏன் நின்றது, அதனால் வேறு எவையெல்லாம் நின்றன என்று அது காரணத்தோடு சொன்னபோது எனக்கு உண்மையிலேயே சிலிர்த்தது. அதன் எக்ஸ்எம்எல் ஃபைல்களைக் கையால் எழுதுவது கொடுமை, ஆனாலும் பொறுத்துக்கொண்டேன். அதே ஆண்டு ஆப்பிளில் டேவ் ஜர்சிக்கி உருவாக்கிய லாஞ்ச்டி, மேக் ஓஎஸ் 10.4-இல் இனிட்டின் இடத்தைப் பிடித்தது.

உபுண்டு 6.10-இல், 2006-இல், ஸ்காட் ஜேம்ஸ் ரெம்னன்ட்டின் அப்ஸ்டார்ட் வந்தது. பின்னால் ரெட் ஹேட் என்டர்பிரைஸ் 6-உம் அதையே எடுத்துக்கொண்டது. ஓடிப்போகும் பிள்ளையைப் பிடிக்க அப்ஸ்டார்ட் ஒரு வழி வைத்திருந்தது. இந்த ப்ரோகிராம் ஒருமுறை ஃபோர்க் செய்யுமா, இருமுறை செய்யுமா என்று நாம்தான் கான்ஃபிக்கில் எழுத வேண்டும். தப்பாக எழுதினால் அது இல்லாத ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்கும். ஸ்டாப் கொடுத்தாலும் முடியாது, ஸ்டார்ட் கொடுத்தாலும் முடியாது, ரீபூட்தான் கதி. பிட் ஃபைலின் பழைய நோய் கெர்னலுக்குப் பக்கத்தில் இடம் மாறி உட்கார்ந்திருந்தது.

தீர்வு வேறு திசையிலிருந்து வந்தது. கூகுள் பொறியாளர்கள் தங்கள் சர்வர்களில் ப்ராசஸ்களைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்துக் கணக்கு வைக்க எழுதிய சிகுரூப்ஸ், 2008 ஜனவரியில் லினக்ஸ் 2.6.24-இல் சேர்ந்தது. ஒரு குழுவில் போட்ட ப்ராசஸ் எத்தனை முறை ஃபோர்க் செய்தாலும் அதன் சந்ததி முழுதும் அதே குழுவில்தான் பிறக்கும். 2010-இல் லெனார்ட் பட்டரிங்கும் கே சீவர்ஸும் சிஸ்டம்டியைத் தொடங்கியபோது ஒவ்வொரு சர்வீஸுக்கும் ஒரு குழு என்று வைத்தார்கள். இன்று ஸ்டேட்டஸ் கேட்டால் தாய், பிள்ளை, பேரன் எல்லாம் மரமாக விரிகிறது, கடைசி பத்து வரி லாகும் அடியில் வருகிறது. லாஞ்ச்டியிடமிருந்து இன்னொரு நல்ல யோசனையும் வந்தது. சாக்கெட்டுகளை எல்லாம் முதலிலேயே திறந்து வைத்துவிட்டு, சர்வீஸ்களை ஒரே நேரத்தில் கிளப்பலாம். லாக் எழுத வந்த ப்ரோகிராமின் வரிகள், சிஸ்லாக் எழும்வரை கெர்னலின் பஃபரில் காத்திருக்கும். 12, 55, 80 என்று எண்ணெழுதி வரிசையில் நிறுத்தும் தேவை பெரும்பாலும் போய்விட்டது.

ஃபெடோரா 15 சிஸ்டம்டியை 2011-இல் ஏற்றது. டெபியனில் பெரிய சண்டை. 2014 பிப்ரவரியில் எட்டுப் பேர் கொண்ட தொழில்நுட்பக் குழுவில் சிஸ்டம்டிக்கும் அப்ஸ்டார்ட்டுக்கும் வாக்குகள் சமமாகி, தலைவரின் வாக்கால் சிஸ்டம்டி ஜெயித்தது. சில நாட்களில் உபுண்டுவும் அப்ஸ்டார்ட்டைக் கைவிடுவதாக அறிவித்தது. ஏற்க முடியாதவர்கள் பிரிந்து தேவுவான் என்ற டிஸ்ட்ரிபியூஷனைத் தொடங்கினார்கள்.

அந்த எதிர்ப்பை வெறும் பழமைவாதம் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. லாக், லாகின் செஷன், நெட்வொர்க், டிஎன்எஸ், டைமர் என்று ஒரே திட்டத்தின் கீழ் அத்தனையும் குவிந்ததைக் கேள்வி கேட்டவர்கள் சரியான கேள்வியைத்தான் கேட்டார்கள். ஆர்சி ஸ்கிரிப்ட்டை யாரும் திறந்து மேலிருந்து கீழே படிக்கலாம், நடுவில் ஒரு எக்கோ போட்டு எங்கே நிற்கிறது என்று பார்க்கலாம். நான் பூட் என்பதையே அப்படிப் படித்துத்தான் புரிந்துகொண்டேன். ஃப்ரீபிஎஸ்டியில் இன்றும் அப்படிப் படிக்க முடிகிறது. நெட்பிஎஸ்டி 1.5-இல் தொடங்கிய முறைப்படி, எது எதை நம்பியிருக்கிறது என்பதை ஒவ்வொரு ஸ்கிரிப்ட்டின் தலைப்பிலும் கமென்ட்டாக எழுதியிருப்பார்கள். அதற்காகவே வீட்டில் ஒரு ஃப்ரீபிஎஸ்டி மெஷின் வைத்திருக்கிறேன். ஆனால் நடுராத்திரியில் பிறருடைய டேட்டாபேஸுக்குப் பொறுப்பு நான் என்றால், பிள்ளை எங்கே என்று தெரிந்த தாயைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

கன்டெய்னர்கள் வந்து இந்தக் கணக்கை மறுபடி திறந்துவிட்டன. டாக்கர் கன்டெய்னருக்குள் பெரும்பாலும் சிஸ்டம்டி இல்லை. உள்ளே எண் 1 நம் அப்ளிகேஷன், அல்லது அதைக் கிளப்பும் என்ட்ரிபாயின்ட் என்ற ஷெல் ஸ்கிரிப்ட். ஒழித்துவிட்டோம் என்று நினைத்த ஆர்சி ஸ்கிரிப்ட் வேறு பெயரில் ஒவ்வொரு இமேஜுக்குள்ளும் உட்கார்ந்திருக்கிறது. இனிட்டின் கடமைகளும் கூடவே வந்துவிட்டன. அநாதை ப்ராசஸ்கள் எண் 1-இடம் வரும், அது கவனிக்காவிட்டால் ஜாம்பிகளாகக் குவியும். நிற்கச் சொல்லும் டெர்ம் சிக்னலைக் கையாள எண் 1 தானே ஏற்பாடு செய்திருக்காவிட்டால், கெர்னல் அதை அதற்குக் கொடுக்காது.

சமீபத்தில் எங்கள் டீமில் ஒரு தம்பி, ஒவ்வொரு டிப்ளாய்மென்ட்டிலும் பழைய பாட் நிற்க முப்பது நொடி ஆகிறது, பாதியில் இருந்த ரிக்வெஸ்ட்டுகள் அறுந்துபோகின்றன என்று வந்து நின்றார். முப்பது நொடி என்பது குபெர்னெட்டிஸ் கொடுக்கும் இயல்பான அவகாசம், அது முடிந்ததும் கில். என்ட்ரிபாயின்ட்டைத் திறந்து பார்த்தோம். ஷெல் எண் 1-ஆக உட்கார்ந்திருந்தது, ஜாவா அதன் பிள்ளையாக ஓடியது. வந்த டெர்ம் சிக்னல் ஷெல்லோடு நின்றுபோனது, ஜாவாவுக்குப் போகவே இல்லை. கடைசி வரியின் தொடக்கத்தில் ‘எக்ஸெக்’ சேர்க்கச் சொன்னேன். அப்படிச் செய்தால் ஷெல் இருந்த இடத்தில் அதே எண்ணோடு ஜாவா உட்காரும், சிக்னல் நேராக அதற்குப் போகும். பெர்ன்ஸ்டைனின் ரன் ஸ்கிரிப்ட்டுகள் அப்படித்தான் முடியும் என்று தம்பிக்கு ஒன்றை எடுத்துக் காட்டினேன். அவர் அதைப் படித்துவிட்டு மற்ற இமேஜ்களின் என்ட்ரிபாயின்ட்டுகளையும் திறக்க ஆரம்பித்தார்.