கமிட்டிக்கு நிற்கும் குடும்பத் தலைவருக்கு

சேகர கமிட்டிக்கு நிற்பது என்று முடிவெடுத்துவிட்டீர்கள். சந்தோஷம். முதல் இடைஞ்சல் பவுல் அப்போஸ்தலர்தான். சபையை நடத்த வருகிறவன் முதலில் தன் வீட்டை ஒழுங்காக நடத்தட்டும் என்று தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபம், மூன்றாம் அதிகாரத்தில் நிபந்தனை போட்டுவைத்திருக்கிறார். நம் பக்கத்துத் திருமண்டலத் தேர்தலைப் பார்த்திராத மனிதர். அணி, எதிரணி, வாக்காளர் பட்டியல் எதுவும் தெரியாமல் எழுதிவிட்டார். ஆனாலும் ஓட்டுப் போடுகிறவர்களில் யாராவது அதைப் படித்திருக்கக்கூடும். ஆகவே குடும்ப ஜெபத்தை இன்று ராத்திரியே தொடங்கிவிடுங்கள்.

நேரம் ஒன்பது மணி. வாசல் கதவு திறந்தே இருக்கட்டும், பாட்டுச் சத்தம் தெருமுனை வரை போக வேண்டும். அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு ஜெபிக்கச் சொல்லும் இடம் மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் வருகிறது. தேர்தல் முடியும்வரை அந்தப் பக்கம் போக வேண்டாம். அலுப்பான நாளில் 117ஆம் சங்கீதம், இரண்டே வசனம். சபை ஐயர் வீடு சந்திக்க வந்த அன்றைக்கு 119ஆம் சங்கீதத்தை எடுங்கள், 176 வசனம். முப்பதாவது வசனத்துக்குள் அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிடுவார். பக்தியுள்ள வீடு என்று சொல்லிக்கொண்டே எழுந்தும் போவார்.

பாட்டையும் வாசிப்பையும்விட முக்கியம் ஜெபம். பிள்ளைகளைத் திட்ட அதைவிட வசதியான நேரம் கிடையாது. எங்கள் அப்பா இதில் கைதேர்ந்தவர். முழங்கால் போட்டுக் கண்ணை மூடியிருப்போம். பாயின் கோரை முட்டியில் குத்தும். தேசத்துக்காக, மழைக்காக, மிஷனெரிகளுக்காக என்று சுற்றி வந்த குரல் சட்டென்று இறங்கும்: ‘ஆண்டவரே, கணக்கில் 38 மார்க் வாங்கிவிட்டு ரேங்க் கார்டைத் தலையணை உறைக்குள் ஒளித்து வைத்திருக்கிற இந்தப் பிள்ளைக்கு...’ ஆண்டவருக்கு அது பழைய சேதி. அம்மாவுக்குத்தான் புதுசு. எதிர்த்து ஒரு வார்த்தை பேச முடியாது. கடைசியில் நானே ஆமென் சொல்லவும் வேண்டும்.

மேடை கிடைத்தால், மிஷனெரி ஊழியத்துக்கென்று வீடுதோறும் எடுத்துவைக்கும் கைப்பிடி அரிசியைப் பற்றிப் பேசத் தவறாதீர்கள். இந்திய மிஷனெரி சங்கம் திருநெல்வேலியில் 1903இல் பிறந்தது என்று ஆரம்பித்து, அதன் கர்த்தாக்களில் ஒருவரான வெள்ளாளன்விளை அசரியா 1912இல் தோர்னக்கல் பேராயரானதில் முடித்தால் கைதட்டல் நிச்சயம். அரிசி போட்டவர்களைப் பற்றிப் பேச அப்புறம் நேரம் இருக்காது. எங்கள் ஆச்சி பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்று வைத்திருந்தாள். உலை வைக்கும்போதெல்லாம், அளந்து எடுத்த அரிசியிலிருந்து ஒரு பிடி அதற்குள் போகும். அதை ஈடுகட்ட இன்னொரு பிடி அளந்ததில்லை. அந்தப் பிடி யார் தட்டில் குறைந்தது என்று எனக்கு உறைக்க வெகுகாலம் ஆயிற்று. ஆச்சி எந்தக் கமிட்டியிலும் இருந்ததில்லை.

உங்கள் வீட்டம்மா, ‘நான் நின்றால் என்ன?’ என்று கேட்டால் பதறாதீர்கள். தென்னிந்தியத் திருச்சபையிலேயே 2013இல் புஷ்பலலிதா அம்மா பேராயரானாரே என்பார்கள். அது நந்தியால், ஆந்திரா, அங்கே வெயில் வேறு என்று சொல்லிச் சமாளித்துவிட்டுக் காப்பி கேளுங்கள்.

ஓட்டுக் கேட்கப் போகிற வீட்டில் சாதி விசாரிக்கக் கூடாது. நாமெல்லாம் கிறிஸ்துவுக்குள் ஒன்று. ‘உங்களுக்குப் பூர்வீகம் எந்த ஊர்?’ போதும். அதே மாதிரி, பையனுக்குக் கோயிலில் ஓலை வாசித்து முடிகிறவரை வரதட்சணை என்ற வார்த்தை வாயில் வரக் கூடாது. ‘அவங்க பிள்ளைக்கு அவங்க செய்யறாங்க.’

கோயில் அசனத்தன்று கறிக்குழம்பு வாளியை நீங்களே தூக்குங்கள். வேட்டியை மடித்துக் கட்டி, வியர்வை வழிய, முதல் பந்தியில் பரிமாறுங்கள். போட்டோ எடுக்கிறவன் நிற்பது முதல் பந்தியில்தான். வீட்டில் தண்ணீர்ச் செம்பைக்கூடத் தூக்கிப் பழகாத கை என்பதால் குழம்பு கொஞ்சம் இலைக்கு வெளியே போகும். அதையும் தாழ்மை என்றே எடுத்துக்கொள்வார்கள்.

ஜெயித்த பிறகு பெரிய வியாழன் வரும். பாதம் கழுவும் ஆராதனை உங்கள் கோயிலில் உண்டென்றால், பன்னிரண்டு பேரில் உங்கள் பெயர் கட்டாயம் இருக்கும். ஐயர் குனிந்து தொடப்போகிற கால். பித்தவெடிப்போடு போய் நிற்க முடியுமா? சாயங்காலமே வீட்டில் வெந்நீர் வைக்கச் சொல்லுங்கள். சோப்பும் பீர்க்கங்கூடும் எடுத்துக்கொண்டு வீட்டம்மாவே கீழே உட்கார்ந்து தேய்த்துவிடுவார்கள். நீங்கள் நாற்காலியை விட்டு எழுந்திருக்க வேண்டியதில்லை. துண்டு கொடியில் காய்கிறது, சின்னவளைக் கூப்பிட்டால் எடுத்து வருவாள்.